ஒற்றை ஆள் படகும் ஒரு சம்பந்தமும்

மதுரையில் இருந்துகொண்டு "பாய்மரப் படகு வாங்கப் போகிறேன்" என்று ஒரு பெண் சொன்னால், கேட்பவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் புருஷன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். 'எம்புட்டு நாளா இப்பிடி இருக்காங்க?' என்று அந்தப் பார்வையே விசாரித்துவிடும். என் வீட்டுக்காரர் அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தார். "தூத்துக்குடிப் பொண்ணு" என்பார். கேட்டவர், ஏதோ பரம்பரை வியாதியின் பெயரைக் கேட்டதுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்.

தூத்துக்குடியில் படித்த காலத்தில் நான் பாய்மரப் படகு ஓட்டியது உண்மை. அதுவும் ஒற்றை ஆள் படகு. பாயைப் பிடித்திருக்கும் கயிறு ஒரு கையில், சுக்கான் இன்னொரு கையில், படகு சாய்ந்தால் விளிம்பில் உட்கார்ந்து உடம்பை மல்லாக்க வெளியே சாய்த்து அதை நிமிர்த்த வேண்டும். எல்லாம் ஒரே ஆள். கல்லூரிகளுக்கு இடையே நடந்த போட்டியில் நான் இரண்டாவதாக வந்தேன். (போட்டியில் மொத்தம் மூன்று பேர். அதில் ஒருத்திக்கு அன்று காய்ச்சல்.) பிறகு கல்யாணமாகி மதுரைக்கு வந்தேன். வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் வண்டியை நிறுத்தி செல்போனில் படம் பிடிக்கிற ஊரில் படகை எங்கே ஓட்டுவது? மறந்துபோனேன்.

நாற்பத்தெட்டு வயதில் அது ஞாபகம் வந்ததற்கு இரண்டு காரணங்கள். மகள் யாழினி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வீடு காலியானது ஒன்று. முழங்கால் வலிக்குப் பார்த்த டாக்டர், "நடக்காதீங்க, நீச்சல் அடிங்க" என்றது இன்னொன்று. நீச்சலுக்கும் படகுக்கும் தண்ணீர் பொது என்பதால் நான் அதைப் படகு என்று எடுத்துக்கொண்டேன். இத்தனைக்கும் நான் வேலை பார்ப்பது இன்சூரன்ஸ் கம்பெனியில். அடுத்தவர்கள் உயிருக்கு என்ன ஆபத்து வரும் என்று கணக்குப் போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் எங்களுடன் படகு ஓட்டிய அந்தோணி அண்ணன், இப்போது பழைய படகுகளை வாங்கி விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போன் செய்தேன். அவரிடம் இரண்டு ஒற்றை ஆள் படகுகள் இருந்தன. படம் அனுப்பினார். ஒன்று பந்தயப் படகு. வெள்ளை நிறம், ஒடிசலான உடம்பு, வானத்தைக் குத்துகிற மாதிரி பாய்மரம். தரையில் கிடக்கும்போதே ஓடுவதுபோல் இருந்தது. இன்னொன்று மஞ்சள் நிறத்தில், தடித்த பிளாஸ்டிக்கில், அகலமாக, யாரோ குளியல் தொட்டிக்குப் பாய் கட்டி வைத்ததுபோல் இருந்தது.

"எது நல்ல படகுண்ணே?"

"வெள்ளை உங்க கைக்குன்னே செஞ்சதும்மா" என்றார்.

"மஞ்சள்?"

"அதும் உங்க கைக்குன்னே செஞ்சதுதான்."

விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்: திரும்ப ஓட்ட வருகிறவர்கள் தங்கள் வயசு, எடை, காற்று, தண்ணீர் நான்கையும் பார்த்துப் படகைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று. நான் அதையெல்லாம் பார்த்தேன். ஆனால் தூத்துக்குடியில் நானாக இருந்த இருபத்தோரு வயதுக் கோமதியின் வயசையும் எடையையும் பார்த்தேன். அவளுக்கு வெள்ளைதான் பொருந்தியது.

என் வீட்டுக்காரருக்குச் சிம்மக்கல்லில் மொத்த வியாபாரக் கடை. பைப்பும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் விற்கிறார். உலகத்தில் எந்தப் பொருளையும் அவர் விரல் முட்டியால் தட்டித்தான் பார்ப்பார். போனில் படத்தையும் தட்டிப் பார்த்துவிட்டு, "மஞ்சளை வாங்கு. நல்ல கனம். வெயில் தாங்கும்" என்றார்.

"மொட்டைமாடியில வைக்கவா வாங்குறேன்?"

"ரெண்டுத்தையும் கொண்டாந்து தண்ணில விட்டுப் பாத்துட்டு வாங்கு. நான் வேண்டாம்னு சொல்லல."

நியாயமான பேச்சாக இருந்தது. இடமும் இருந்தது. வாடிப்பட்டிக்கும் சோழவந்தானுக்கும் நடுவில் இவருடைய சொந்த ஊர். அங்கே இவருடைய சித்தப்பா மகன் பாண்டி, கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தான். தை மாதம். கண்மாய் நிறைந்து கிடந்தது. பாண்டியிடம் ஒன்றுக்கு நான்கு தடவை சொன்னேன்: "ஞாயித்துக்கிழமை காலையில வாரோம் பாண்டி. யாருக்கும் சொல்லாத. சும்மா ஓட்டிப் பாத்துட்டுப் போயிருவோம்."

"நான் ஏன் மதினி சொல்லப் போறேன்?" என்றான் பாண்டி.

இங்கே பாண்டியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். யாழினிக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருந்ததும் அவன்தான். சோழவந்தானில் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். வெற்றிலை வியாபாரம் நன்றாக நடந்தது. பையன் கோயம்புத்தூரில் என்ஜினீயர். ஜாதகம் அப்படிப் பொருந்தியிருந்தது. பையனின் அப்பா தங்கராசுவிடம் என் வீட்டுக்காரர் போனில் பேசியிருந்தார். நேரில் பார்த்ததில்லை. யாழினியிடம் இன்னும் சொல்லவில்லை. (ஓரளவு முடிவான பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தோம். பக்குவம் என்பது எங்கள் வீட்டில் தள்ளிப்போடுவதற்கான மரியாதையான சொல்.)

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் கார் முன்னால் போக, பின்னால் ஒரு குட்டியானை லாரியில் இரண்டு படகுகளையும் கட்டிக்கொண்டு அந்தோணி அண்ணன் வந்தார். கண்மாய்க் கரையில் ஏறும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது.

"ஏதோ காதுகுத்து போல" என்றார் இவர்.

காதுகுத்து இல்லை. அது நான்.

கரை நெடுக ஆட்கள். புளியமரத்தில் குழாய் ரேடியோ கட்டியிருந்தது. ஒரு பக்கம் டீ கேனும் காகிதக் கப்புகளும். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அதில் நடு நாற்காலியில் வெள்ளை வேட்டி சட்டையில் பெரிய மீசையோடு ஒருவர். பக்கத்தில் பட்டுப்புடவையில், மடியில் கைகளை வைத்துக்கொண்டு அசையாமல் ஒரு அம்மாள். பாண்டி மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எங்கள் காரைப் பார்த்ததும் பாட்டு நின்றது.

"இதோ, நமது மணப்பெண் யாழினியின் தாயார், கப்பலோட்டும் வீராங்கனை, நமது மதினி கோமதி அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்!"

கை தட்டினார்கள். நான் கார்க் கதவைத் திறக்கவில்லை.

இறங்கிப் போன என் வீட்டுக்காரர் பாண்டியின் காதைப் பிடிக்காத குறையாக ஓரமாக இழுத்து, "என்னடா இது?" என்றார்.

"அண்ணே, சம்பந்தக்காரவுகளுக்குத் தெரிய வேணாமா? பொண்ணோட அம்மாவுக்கு இம்புட்டுத் திறமைன்னா பொண்ணுக்கு எம்புட்டு இருக்கும்? தங்கராசு அண்ணே அசந்துட்டாக. குடும்பத்தோட வந்திருக்காக."

நான் புடவையில் இல்லை என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். முழங்கால் வரை ஒட்டிப் பிடிக்கும் கறுப்புக் கால்சட்டை, மேலே அதேபோல் ஒட்டிப் பிடிக்கும் முழுக்கை பனியன். கண்ணாடியில் பார்த்தபோது விளையாட்டு வீராங்கனை போலத் தெரிந்தது. வருங்காலச் சம்பந்தியின் முன்னால், நிறைந்த ஊரின் நடுவில், காரிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தபோது எப்படித் தெரிந்தது என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் தெம்பில்லை. அவசரத்துக்கு இவருடைய துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டேன். தங்கராசு பதறி எழுந்து கும்பிட்டார். அவர் கண்கள் என்னைப் பார்ப்பதா, வானத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் கடைசியில் புளியமரத்தில் போய் நின்றன. அவர் மனைவி ராசாத்தி மட்டும் என்னைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தார். 

அந்த நிமிஷமே 'உடம்பு சரியில்லை' என்று சொல்லித் திரும்பியிருக்கலாம். ஆனால் இத்தனை பேர் கை தட்டிய பிறகு திரும்பிப் போவது எப்படி? மஞ்சள் படகை எடுத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியிருக்கலாம். சம்பந்தி முன்னால் குளியல் தொட்டியிலா போவது?

"வெள்ளையை இறக்குங்கண்ணே" என்றேன்.

அந்தோணி அண்ணன் இரண்டு அளவுப் பாய்கள் வைத்திருந்தார். கனமான ஆளுக்குப் பெரிய பாய், லேசான ஆளுக்குச் சின்னப் பாய். "எடை எவ்வளவும்மா?" என்று தண்ணீரில் நின்றுகொண்டே கேட்டார். நான் கிட்டே போய் மெதுவாக, "அறுபத்திரண்டு" என்றேன். பின்னாலேயே பாண்டி மைக்கோடு வந்திருந்தான்.

"மதினியின் எடை அறுபத்திரண்டு கிலோ!"

"டேய், எழுபத்தெட்டுடா!" என்று கரையிலிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார். (பொய் சொல்லி நான் கவிழ்ந்துவிடக் கூடாது என்ற அக்கறையாம்.)

"திருத்தம். எழுபத்தெட்டு!"

ஒரு கண்மாய் ஆயக்கட்டு முழுக்க என் எடையைத் தெரிந்துகொண்டது. பெரிய பாயைக் கட்டினார்கள்.

படகில் ஏறினேன். அது ஒடிசல். ஏறிய பக்கமே சாய்ந்தது. தட்டுத் தடுமாறி உட்கார்ந்து கயிற்றை இழுத்தேன். பாய் ஒருமுறை படபடத்து, சட்டென்று புடைத்தது. அவ்வளவுதான், படகு கிளம்பிவிட்டது.

அந்த முதல் ஒரு நிமிஷத்தை மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். படகின் அடியில் தண்ணீர் சளசளவென்று ஓடும் சத்தம், கயிற்றின் வழியாகக் காற்று கையில் இழுக்கும் இழுப்பு, எல்லாம் அப்படியே இருந்தது. கரையில் கை தட்டுவது கேட்டது. சத்தமாகச் சிரித்துவிட்டேன். இருபத்தோரு வயதுக் கோமதி வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

வரவில்லை. காற்று முதுகுப்பக்கம் இருந்தது. கண்மாய்களைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று, கரையோரம் ஆளை மூழ்கடிக்கும் ஆழம் இருந்தாலும் எதிர்ப்பக்கம் போகப் போக ஆழம் குறைந்துகொண்டே வரும் என்பது. அந்தப் பக்கம் தண்ணீருக்குள்ளேயே கருவேல மரங்கள் கூட்டமாக நின்றன. திருப்ப வேண்டும். திருப்பலாம் என்று மூளை சொன்னது. உடம்பைத் தூக்கி மறுபக்கம் மாற்ற வேண்டும். முழங்கால் அதைக் கேட்டுக்கொண்டு யோசித்தது. அது யோசித்து முடிப்பதற்குள் ஒரு வேகமான காற்று வீசியது.

"மதினி நேராக மரத்தை நோக்கிப் போகிறார்கள்!" என்றது குழாய் ரேடியோ. கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னான்.

படகின் நடுவில், அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை ஒன்று உண்டு. அது சேற்றில் குத்தியது. படகு நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. பாயின் அடியில் இருக்கும் அலுமினியக் கழி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசி என் தலைக்கு மேல் போனதும், நான் அந்தரத்தில் போனதும், நீர்க்காகங்கள் மொத்தமாகக் கிளம்பிப் பறந்ததும் ஒரே நொடியில் நடந்தன. தண்ணீருக்குள் போய் வெளியே வந்து கையில் அகப்பட்டதைக் கட்டிப் பிடித்தேன். கருவேல மரம். முள்ளோடு சேர்த்துப் பிடித்தேன். விடவில்லை. "காப்பாத்துங்க!" என்று நான் போட்ட சத்தம் வாடிப்பட்டி வரை கேட்டதாக ஊரில் சொல்கிறார்கள்.

கரையில் ஒரே கூச்சல். யாரோ அழவே ஆரம்பித்துவிட்டார்கள். நீச்சல் தெரியாத என் வீட்டுக்காரர், ஆபத்துக்கு உதவும் என்று கடையிலிருந்து கொண்டுவந்திருந்த இரண்டு காலித் தண்ணீர்க் கேன்களைக் கயிற்றில் கட்டி என் பக்கம் வீசினார். காற்று அவற்றை வேறு திசையில் கொண்டுபோனது. 'யாழினி, அம்மா போறேன்டி' என்று மனசுக்குள் விடைபெற்றுக்கொண்டிருந்தேன். அப்போது குழாய் ரேடியோ கரகரத்தது.

"மதினி! அங்கன தண்ணி இடுப்பளவுதான்! எந்திரிச்சு நில்லுங்க!"

நான் நம்பவில்லை. உடம்பில் மாட்டியிருந்த மிதவைச் சட்டை என்னைத் தூக்கிப் பிடித்திருந்ததால் கால் தரையைத் தொடவில்லை.

"மதினி, காலைக் கீழ வைங்க! காலை!"

காலைக் கீழே வைத்தேன். சேறு. நின்றேன். தண்ணீர் இடுப்புக்குக்கூட வரவில்லை. மரத்தை இன்னும் கட்டிக்கொண்டிருந்தேன். அழுதவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். பிறகு கரையில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். அவர் ஒருவரோடு அது நிற்கவில்லை.

மீன் பிடிக்கப் பயன்படுத்தும் தெர்மாகோல் மிதவையோடு பாண்டியின் ஆள் வந்து என்னை அதில் படுக்க வைத்து, ஆழமான பக்கத்தைத் தாண்டிக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். உடம்பெல்லாம் பாசி, கையெல்லாம் முள் கீறல். அந்தோணி அண்ணன் வெள்ளைப் படகின் பாயில் ஒரு முழம் கிழிந்திருந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரெண்டு தையல் போட்டா போதும்மா. அந்த முதல் நிமிஷம் ஓட்டுனிய பாருங்க, அப்படியே பழைய கோமதி" என்றார். வியாபாரி என்றால் அப்படி இருக்க வேண்டும்.

நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். எதிரே தங்கராசு. ஏதாவது பேச வேண்டுமே என்று அவர் வாயைத் திறந்தபோது என் வீட்டுக்காரர் சட்டைப்பையில் என் போன் அடித்தது. யாழினி. நான் காரில் வந்ததிலிருந்து கவிழ்ந்தது வரை யாரோ எடுத்த வீடியோ அதற்குள் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழு வழியாகப் பெங்களூரு போய்ச் சேர்ந்திருந்தது.

"அம்மா, அடி எதுவும் படலயே?"

"இல்லம்மா. லேசா கீறல்தான்."

"நல்லாத்தான இருக்க?"

"நல்லா இருக்கேன்."

"சரி. மைக்ல பாண்டிச் சித்தப்பா சொல்றாருல்ல, மணப்பெண் யாழினின்னு. அது யாரு?"

தண்ணீருக்குள் விழுந்தபோதுகூட எனக்கு அப்படி மூச்சடைக்கவில்லை. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அவள் பேசியது எதிரில் இருந்தவர்களுக்கே கேட்டிருக்கும். தனக்குத் தெரியாமல் தனக்கு நடக்கும் கல்யாணத்துக்கு ஊரே டீ குடித்துக்கொண்டிருக்கிறதா என்று கேட்டாள்.  என் வீட்டுக்காரர் கேன்களைத் தேடப் போகிறவர்போல் நைசாக நழுவினார்.

நான் தலையை நிமிர்த்தியபோது தங்கராசுவும் ஒரு போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தார். அதிலும் யாரோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "இல்லப்பா... சும்மா பாத்துட்டுப் போகலாம்னு... உங்கிட்ட சொல்லாம எப்பிடிப்பா..." என்று அவர் மீசை தொங்கிப்போயிற்று. அதே வீடியோ கோயம்புத்தூருக்கும் போயிருந்தது. அவர்களும் பையனிடம் சொல்லியிருக்கவில்லை.

இரண்டு போன்களும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் அணைந்தன. ஜாதகம் பத்துக்கு ஒன்பது பொருந்திய சம்பந்தம், டீ ஆறுவதற்குள் முறிந்துவிட்டது. தங்கராசு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். என் முகத்தைப் பார்க்காமலே, "அப்ப நாங்க போயிட்டு வாரோம்" என்றார். பாண்டி மைக்கைக் கீழே வைத்துவிட்டான். அன்று அவன் செய்த ஒரே நல்ல காரியம் அது.

அந்த அம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை. ராசாத்தி அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது குட்டியானையைப் பார்த்தபடி கேட்டார்:

"அந்த மஞ்சள் படகு... அது கவுறுமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "கவுறாதுங்க. அகலம்ல" என்றேன்.

"ரெண்டு பேரு உக்காரலாமா?"

"அது ஒத்தை ஆளு ஓட்டுற படகுங்க."

"ஓட்டுறது நீங்கதான? நான் சும்மாதான உக்காரப் போறேன்?"

"ஏய், என்ன பேசுற?" என்றார் தங்கராசு. அவர் குரல் கிரீச்சிட்டது. "பட்டுச் சேலையோட! வா போகலாம்."

ராசாத்தி அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னிடம்தான் சொன்னார். "பொறந்ததும் கண்மாய்க்கரை, வாக்கப்பட்டதும் ஆத்தங்கரை. அம்பது வருசமா கரையிலயே நிக்கேன். நடுவுல எப்பிடி இருக்கும்னு பாத்ததே இல்ல."

சேறு காயாத கால்சட்டையோடு நான் மறுபடியும் தண்ணீரில் இறங்கினேன். இந்தத் தடவை மஞ்சள் படகு, சின்னப் பாய். ராசாத்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மிதவைச் சட்டையைப் பட்டின் மேல் மாட்டிக்கொண்டு, படகின் முன்பக்கம் இரண்டு கைகளாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். படகு அசைந்ததே தவிரச் சாயவில்லை. கரையிலிருந்து தங்கராசு மனைவியின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தானாம். ராசாத்தி பிற்பாடு சொன்னார்.

மரங்கள் பக்கம் தலைவைக்காமல், ஆழமான தண்ணீரில் ஒரு சுற்று போனோம். நடுவில் போனதும் ராசாத்தி விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்துத் தண்ணீரில் விட்டுக்கொண்டார். முகத்தைத் திருப்பவில்லை. "அடேயப்பா" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மஞ்சள் படகைத்தான் வாங்கினேன். இரண்டு பேர் உட்கார முடிகிறதா என்று பார்த்து ஒற்றை ஆள் படகு வாங்கிய ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பாண்டியின் மோட்டார் ரூமில் நிற்கிறது. கண்மாயில் தண்ணீர் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மதுரையிலிருந்து போவேன், ராசாத்தி சோழவந்தானிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது என்று ஆரம்பத்தில் குழப்பமாக இருந்தது. பெயர் சொல்ல வாய் வரவில்லை. அக்கா, தங்கச்சியும் ஒட்டவில்லை. 'சம்பந்தி' என்று ஒரு நாள் விளையாட்டாக வந்தது, அதுவே நிலைத்துவிட்டது. பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகாமலே நாங்கள் சம்பந்திகள் ஆனோம். அந்தப் பையனும் யாழினியும் இதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை.

சென்ற வருடம் யாழினி, தான் விரும்பிய பையனைக் கட்டிக்கொண்டாள். மதுரையில்தான் கல்யாணம். முகூர்த்தத்தன்று முன்வரிசையில் ராசாத்தி உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் வந்து, "இவங்க யாருங்க?" என்று கேட்டார். பழக்க தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"என் சம்பந்தி."

அந்த அம்மாள் அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தார், ராசாத்தியைப் பார்த்தார், மணமேடையில் இருந்த தன் மகனைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"அப்ப நான் யாரு?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரைக் கொஞ்சம் மறந்தாலும் இந்தக் கேள்விதான். ஒரு காப்பி குறைந்தால் கேட்பார்கள், போட்டோவில் ஒருவர் தலை விட்டுப்போனால் கேட்பார்கள். அந்த அம்மாளே இப்போது போனில் "ஹலோ"வுக்குப் பதில் அதைத்தான் கேட்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் படகைத் தள்ளி ஏறி உட்கார்ந்ததும், கரையில் தனியாக நின்ற என் வீட்டுக்காரர் கத்தினார்:

"அப்ப நான் யாரு?"

ராசாத்தி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"டீ சொல்லி வைங்கண்ணே. வாரோம்."